எல்லா பாராமீட்டரும் லிமிட்டுக்குள்ள, ஆனா மீன் மட்டும் சாகுது

கடலோர மாவட்டம் ஒன்னுல இருக்கற தொழிற்பேட்டையில இருந்து ஒரு தம்பி நீளமா எழுதியிருக்கார், வயசு 29, துணிக்கு போடற சாஃப்ட்னர், வெட்டிங் ஏஜென்ட் மாதிரி கெமிக்கல் பண்ற கம்பெனியில ஈடிபி, அதான் கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட், அதுக்கு இன்சார்ஜ். சுருக்கமா சொன்னா விஷயம் இதுதான்: தினம் 120 கிலோலிட்டர் கழிவுநீர், கெமிக்கல் ட்ரீட்மென்ட், அப்புறம் ஏரேஷன் டேங்க், அப்புறம் சேண்ட் ஃபில்டர், கடைசில கொஞ்சம் ஹைப்போ (குளோரின் மருந்து), அதோட பொது குழாய்ல கடலுக்கு. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்குல சிஓடி 190, பிஓடி 22 (ரெண்டும் தண்ணில இருக்கற அழுக்கு எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கும்ங்கற அளவு), அம்மோனியா நைட்ரஜன் 38, டிடிஎஸ் (கரைஞ்ச உப்பு) 3800, பிஹெச் 7.6, க்ரோமியம் பேருக்குக்கூட இல்ல, எல்லாம் நல்ல நம்பர்தான். ஆனா மீன் டெஸ்ட்ல, அதான் பயோ-அஸே, கடைசி 5 தடவைல 3 தடவை ஃபெயில். மேனேஜர் சொல்றாராம் லேப் தப்பு, வேற லேபுக்கு அனுப்பு, இல்லன்னா போர் தண்ணி கொஞ்சம் கலந்து அனுப்புன்னு. கன்சல்டன்ட் ஒருத்தர் வந்து "ஹெவி மெட்டல்தான், கார்பன் ஃபில்டரும் ஆர்ஓவும் போடுங்க"ன்னு 60 லட்சத்துக்கு கொட்டேஷன் குடுத்துட்டுப் போயிட்டார். "சார், எங்க அவுட்லெட் தொட்டில ஜிலேபி மீன் குட்டி போட்டு வளருது, அப்ப தண்ணி எப்படி விஷமா இருக்கும்? எது கொல்லுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? நாளைக்கு ஏதாவதுன்னா லாக் புக்ல கையெழுத்து போட்ட என் தலைல விழுமா?"ன்னு கேட்டிருக்கார். கடைசில போற போக்குல ஒரு வரி: "ரெண்டு தடவை மீன் முதல் நாள் நல்லா இருந்து ரெண்டாவது நாள்ல இருந்துதான் செத்துச்சு, ஒரு தடவை மட்டும் 6 மணி நேரத்துலயே 10 மீனும் போயிடுச்சு."

தம்பி, உங்க லெட்டர்லயே ரொம்ப முக்கியமான வரி அந்தக் கடைசி வரிதான், அதைப் போய் பின்குறிப்பு மாதிரி எழுதியிருக்கீங்க. ரெண்டாவது நாள் சாகறதும் 6 மணி நேரத்துல சாகறதும் ஒரே ஆளு செஞ்ச வேலையா இருக்க வாய்ப்பு கம்மி. உங்ககிட்ட ரெண்டு தனித்தனி பிரச்சனை இருக்குன்னு நெனைச்சுக்கிட்டுதான் நான் எழுத ஆரம்பிக்கறேன், தப்பா இருந்தா நல்லதுதான்.

லிமிட்டுக்குள்ள இருந்தா விஷம் இல்லன்னு அர்த்தமா?

இல்ல. இந்த நெனப்பு உங்களுக்கு மட்டும் இல்ல, 20 வருஷம் சர்வீஸ் போட்டவங்களுக்கும் உண்டு. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் 1986-ல இருக்கற பொது அளவீட்டுல இந்த மீன் டெஸ்ட்டை தனி வரியா ஏன் வெச்சிருக்காங்கன்னு யோசிச்சுப் பாருங்க, கலக்காத முழு கழிவுநீர்ல 96 மணி நேரம் கழிச்சு 90% மீன் உயிரோட இருக்கணும்னு. மத்த வரி எல்லாம் நாம பேர் சொல்லித் தேடற பொருள், நாம தேடாத பொருளையும் சேர்த்துப் பாக்கறதுக்குத்தான் இந்த வரி. அது மட்டும் இல்ல, அந்த அட்டவணைக்குள்ளயே பாருங்க, மிச்ச குளோரின் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் விடலாம், ஆனா மீனுக்கு அதுல பத்துல ஒரு பங்கே பல சமயம் போதும், ஆள் காலி. அம்மோனியா நைட்ரஜன் 50 வரைக்கும் விடலாம், அதுக்குள்ளயும் மீன் சாகும். அதனால "எல்லாம் பாஸ், இது மட்டும் ஃபெயில்"ங்கறதுல முரண்பாடே கிடையாது.

அந்த ஜிலேபி மீன் தொட்டி. தமிழ்நாட்டுல பாதி ஈடிபில அது ஒன்னு இருக்கு, இன்ஸ்பெக்‌ஷன் வர்றவங்களுக்குக் காட்டறதுக்குன்னே. ஜிலேபி சாக்கடையிலயும் பொழைக்கற ஜாதி, அம்மோனியாவை தாங்கும், கொஞ்சம் கொஞ்சமா பழகியும் போயிருக்கும், அதுவும் போக தொட்டில ஆவியாகற அளவுக்கு நல்ல தண்ணி ஊத்தி ரொப்பிக்கிட்டு இருப்பீங்க. லேப்ல வெக்கறது சீப்ரா மீன் மாதிரி சின்ன மீன், நல்ல தண்ணில வளர்த்து நேரா எடுத்து உங்க தண்ணிக்குள்ள விடறாங்க. ரெண்டும் ஒன்னு இல்ல. தொட்டி அழகுக்கு இருக்கட்டும், அதை ஆதாரமா எந்த லெட்டர்லயும் எழுதாதீங்க.

லேப் தப்பா இருக்கலாமா?

மேனேஜர் சொல்றதுல ஒரு கால்வாசி நியாயம் இருக்கு, அதை முதல்ல முடிச்சுடலாம். லேபுக்கு போன் பண்ணி நாலு விஷயம் கேளுங்க: கண்ட்ரோல் தொட்டி (ஒப்பிடறதுக்கு வெறும் நல்ல தண்ணி வெச்ச தொட்டி) மீன் எல்லாம் பொழைச்சுதா, டெஸ்ட் நடக்கும்போது தினம் ஆக்சிஜன் எவ்வளவு இருந்துச்சு, தினம் பிஹெச் எவ்வளவு, சாம்பிள் எடுத்து எத்தனை மணி நேரம் கழிச்சு மீன் விட்டாங்க. ஆக்சிஜன் எறங்கி செத்திருந்தா அது மூச்சுத் திணறல், விஷம் இல்ல. சாம்பிள் கேன் வெயில்ல ரெண்டு நாள் கெடந்திருந்தா அந்த ரிசல்ட்டுக்கு மதிப்பு இல்ல, கேன் வாய் வரைக்கும் ரொப்பி ஐஸ்ல வெச்சு 36 மணி நேரத்துக்குள்ள டெஸ்ட் ஆரம்பிக்கணும். இன்னொன்னு, இனிமே வெறும் பாஸ்/ஃபெயில் ரிப்போர்ட் வாங்காதீங்க. 100, 50, 25, 12.5, 6.25 சதவீதம்னு கலந்து வரிசையா வெச்சு பாதி மீன் எந்த அளவுல சாகுதுன்னு சொல்லச் சொல்லுங்க. அந்த சதவீதத்தால 100-ஐ வகுத்தா வர்றதுதான் டாக்சிக் யூனிட். பாதி பாதி கலந்ததுல பாதி மீன் செத்தா 2 யூனிட். இந்த நம்பர் இல்லாம நீங்க எது செஞ்சாலும் குறைஞ்சுதா கூடுச்சான்னே தெரியாது.

இப்ப அந்த பிஹெச் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா உங்க ரெண்டாவது நாள் சாவுக்கு என் சந்தேகம் அங்கதான். உங்க அவுட்லெட்ல 7.6. அம்மோனியா தண்ணில ரெண்டு உருவத்துல இருக்கும், மீனைக் கொல்றது பெரும்பாலும் அயனாகாத அம்மோனியாதான், அது எவ்வளவுங்கறது பிஹெச்சைப் பொறுத்தது. 28 டிகிரில 7.6 பிஹெச்ல உங்க 38-ல சுமார் 1 மில்லிகிராம்தான் அந்த கெட்ட உருவம். மீன் தொட்டில காத்து விட விட தண்ணில கரைஞ்சிருக்கற கார்பன்டைஆக்சைடு வெளிய போகும், பிஹெச் தானா ஏறும், மறுநாள் 8.5 ஆயிடுச்சுன்னு வைங்க, அதே 38-ல இப்ப கிட்டத்தட்ட 7 மில்லிகிராம். பல மீன் இனத்துக்கு லிட்டருக்கு ஒன்னு ரெண்டு மில்லிகிராமே உயிரை எடுக்கப் போதும். முதல் நாள் ஜாலியா நீந்துன மீன் ரெண்டாவது நாள் ஏன் செத்துச்சுன்னா இப்படித்தான் இருக்கும், லேபோட தினசரி பிஹெச் குறிப்பு கெடைச்சா 10 நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

அது சரி, 38 எங்க இருந்து வருது? நீங்களே எழுதியிருக்கீங்க, ஏரேஷன் டேங்க்குக்கு தினம் 15 கிலோ யூரியா போடறோம்னு. கணக்கு போடுவோம். உள்ள வர்ற பிஓடி 600, 120 கிலோலிட்டருக்கு 72 கிலோ பிஓடி. அந்த அழுக்கைத் தின்னற பாக்டீரியாவுக்குத் தீனியாத்தான் யூரியா, நூறு பிஓடிக்கு அஞ்சுன்னு நைட்ரஜன் வெச்சா 3.6 கிலோ போதும், யூரியால 46% நைட்ரஜன், அப்ப 8 கிலோ யூரியா. மிச்சம் 7 கிலோ எதுக்கு? அதுல இருந்து வர்ற நைட்ரஜனே லிட்டருக்கு 27 மில்லிகிராம் கிட்ட வருது! நைட்ரிஃபிகேஷன் (பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டா மாத்தறது) சரியா நடக்கலன்னா அது அப்படியே அவுட்லெட்டுக்குத்தான் வரும். அதுவும் உங்க சாஃப்ட்னர்ல அமைன்னு நைட்ரஜன் உள்ள பொருள் வேற இருக்கும், அதுல இருந்தே கொஞ்சம் நைட்ரஜன் வரும், நெஜமா 8 கூட தேவைப்படாது. யாரோ எப்பவோ பிளான்ட் ஸ்டார்ட்-அப் அன்னைக்கு சொன்ன 15 கிலோ இன்னும் ஓடிக்கிட்டு இருக்குன்னு நெனைக்கறேன்.

தண்ணியை ஒவ்வொன்னா மாத்திப் பாக்கறது

கணக்கு சரியா வர்றதால அதுதான் காரணம்னு முடிவு பண்ணிடக் கூடாது, நானே பண்ணியிருக்கேன் அந்தத் தப்பை. இதுக்குன்னு ஒரு முறை இருக்கு, அமெரிக்க சுற்றுச்சூழல் ஏஜென்சியோட டுலூத் லேப்ல 80-கள் கடைசில உருவாக்கி 1991, 1993-ல கையேடா போட்டாங்க. யோசனை ரொம்ப சிம்பிள், பொருள் லிஸ்ட்டை வெச்சுத் தேடாதே, தண்ணியோட ஒரு குணத்தை மட்டும் மாத்து, மறுபடி உயிரியை விட்டுப் பாரு, விஷம் குறைஞ்சா அந்த குணம் உள்ள கூட்டத்துலதான் குற்றவாளி இருக்கான்.

ஒரே சாம்பிளைப் பிரிச்சு ஒன்னை அப்படியே விடுவாங்க. ஒன்னை வடிகட்டுவாங்க, விஷம் குறைஞ்சா அது தூசியோட ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒன்னுல காத்து விட்டுப் பாப்பாங்க, ஆவியாகறது போயிடும், சோப்பு மாதிரி பொருள் நுரையோட மேல வந்து கண்ணாடில ஒட்டிக்கும், அந்த நுரையை வழிச்சு எடுத்துட்டு கீழ இருக்கற தண்ணில டெஸ்ட் பண்ணணும். ஒன்னுல சோடியம் தயோசல்ஃபேட், குளோரின் மாதிரி ஆக்சிடைசர் செத்துடும். ஒன்னுல ஈடிடிஏ, துத்தநாகம், செம்பு, நிக்கல் இதையெல்லாம் கட்டிப் போட்டுடும், அதுல மீன் பொழைச்சா மெட்டல்னு சந்தேகப்படலாம். ஒன்னை சி-18 காலம் வழியா விடுவாங்க, எண்ணெய்ப் பசை உள்ள ஆர்கானிக் எல்லாம் அதுல நின்னுடும், அப்புறம் மெத்தனால் விட்டுக் கழுவி எடுத்து அதுலயும் டெஸ்ட் பண்ணலாம், திருடனை கையோட புடிச்ச மாதிரி. அம்மோனியாவுக்கு பிஹெச் 6, 7, 8-னு மூணு தொட்டில நிறுத்தி வெச்சுப் பாப்பாங்க, நிறுத்தறதுக்கு கார்பன்டைஆக்சைடு வாயு விடுவாங்க, ஆசிட் ஊத்துனா மட்டும் நிக்காது. 6-ல பொழைச்சு 8-ல செத்தா அம்மோனியா மேல கண்ணு வைங்க, அம்மோனியாவைப் புடிச்சு வெக்கற ஜியோலைட் வழியா விட்ட தண்ணியும் அதையே சொன்னா கிட்டத்தட்ட உறுதி.

உங்க கன்சல்டன்ட் ஹெவி மெட்டல்னு சொன்னாரே, 60 லட்சத்துக்கு முன்னாடி அந்த ஈடிடிஏ டெஸ்ட்டுக்கு சில ஆயிரம் செலவு பண்ணச் சொல்லுங்க. (ஆறு வேலன்சி க்ரோமியத்தை ஈடிடிஏ புடிக்காது, அதனால "க்ரோம்"னு யாராவது சொன்னா அதுக்கு வேற வழி, ஆனா உங்க ஃபேக்டரில க்ரோமே இல்ல, பேச வேண்டாம்.) அம்மோனியான்னு உறுதியாச்சுன்னா அந்த கார்பன் ஃபில்டர் அதை ஒன்னும் பண்ணாது, காசு போட்டு வாங்கி வெச்சிட்டு அப்பறமும் மீன் சாகும், அப்ப அவர் போனை எடுக்க மாட்டார்.

இவ்வளவு டெஸ்ட்டுக்கும் மீன் வெச்சு முடியாது, தண்ணியும் நெறைய வேணும், செலவும். டாஃப்னியான்னு தண்ணிப் பூச்சி இருக்கு, சின்ன கண்ணாடில 48 மணி நேரத்துல முடிஞ்சுடும், தேடறதுக்கு அதைப் பயன்படுத்துங்க, கடைசியா உறுதி பண்றது மட்டும் மீன்ல. ஆனா ஒரு எச்சரிக்கை, டாஃப்னியா உப்புக்கு மீனைவிட சீக்கிரம் விழும். உங்க டிடிஎஸ் 3800, அதனால அதே உப்பு அதே அளவுல நல்ல தண்ணில கரைச்சு ஒரு தொட்டி கூடவே வைங்கன்னு லேப்கிட்ட சொல்லுங்க, இல்லன்னா உப்பால செத்ததை விஷம்னு எழுதிடுவாங்க.

அந்த 6 மணி நேர சாவு

இது வேற கதை. 10 மீனும் 6 மணி நேரத்துல போறதுன்னா அன்னைக்கு மட்டும் ஏதோ நடந்திருக்கு. அந்தத் தேதிக்கு முந்தின ரெண்டு நாள் காலண்டரை எடுங்க: கூலிங் டவர்ல பயோசைட் (பாசி, கிருமி கொல்ற மருந்து) போட்ட நாளா, டவர்ல இருந்து வெளியேத்தற ப்ளோடவுன் தண்ணி ஈடிபிக்கு வருதா, ரியாக்டர் கழுவுன நாளா, ஹைப்போ பம்ப் ஸ்ட்ரோக்கை, அதான் ஊத்தற அளவை, யாராவது ஏத்துனாங்களா, ஸ்லட்ஜை (கழிவுச் சேறு) பிழியற ஃபில்டர் பிரஸ் ஓடுச்சா. இந்த லிஸ்ட்ல பாதி நம்ம கையாலயே ஊத்தறதுதான், கவனிங்க. ப்ராடக்ட்ல என்ன விஷம்னே எல்லாரும் தேடுவாங்க, சுத்தம் பண்றதுக்குன்னு ஊத்தற ட்ரம்மை யாரும் பாக்க மாட்டாங்க.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். பல வருஷம் முன்னாடி ஒரு பிளான்ட்ல (பேர் வேண்டாம்) ரெண்டரை மாசம் துத்தநாகத்தைத் தேடிக்கிட்டு அலைஞ்சேன், ரிப்போர்ட்ல துத்தநாகம் கொஞ்சம் இருந்துச்சு, ஈடிடிஏ போட்டும் மீன் பொழைக்கல, நான் நம்பல, மறுபடி போட்டேன். ஒரு நாள் லேப்ல நானே போய் உக்காந்து பாத்தேன், மீன் எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது, செவுள் ஓரத்துல வெள்ளையா சளி மாதிரி தொங்குது, ஆனா மீட்டர்ல ஆக்சிஜன் 7, குறைவே இல்ல. அப்பதான் பொறி தட்டுச்சு. நைட் ஷிஃப்ட்ல ஸ்லட்ஜ் பிரஸ் ஓட்டற பையன் கேக் (பிழிஞ்சு காஞ்ச கட்டி) நல்லா வரணும்னு கேட்டயானிக் பாலிமரை இஷ்டத்துக்கு கலக்கியிருக்கான், பிரஸ்ல வடியற தண்ணி நேரா க்ளாரிஃபையருக்கு (சேறு படியற தொட்டி). அந்த பாலிமர் பாசிட்டிவ் சார்ஜ், மீனோட செவுள்ல போய் அப்பிக்கும், மூச்சு விட முடியாம சாகும். சாம்பிள்ல ஒரு சிட்டிகை பென்டோனைட் களிமண் கலக்கி வடிகட்டி மறுபடி மீன் விட்டா ஒன்னும் ஆகல. டோசிங்கைக் குறைச்சதோட முடிஞ்சுது, ஒரு ரூபா மெஷின் வாங்கல.

உங்க சாஃப்ட்னரும் கேட்டயானிக் ஜாதிதான், அதனால உங்களுக்கு சந்தேகம் ரெண்டு பக்கமும் இருக்கு, ப்ராடக்ட் கழுவுன தண்ணியா, பாலிமரான்னு. இந்த மாதிரி வந்து போற விஷத்துக்கு மாசம் ஒரு சாம்பிள் எடுத்தா மாட்டவே மாட்டாது. ஷிஃப்டுக்கு ஒரு லிட்டர் எடுத்து தேதி நேரம் எழுதி ஃபிரிட்ஜ்ல வைங்க, அடுத்த நாள் தேவையில்லன்னா கொட்டிடுங்க. இந்த கேட்டயானிக் பொருள் கண்ணாடி, பிளாஸ்டிக் சுவர்ல ஒட்டிக்கிற கொணம் உள்ளதுன்னும் ஞாபகம் வைங்க, பாட்டில் மாத்தி மாத்தி ஊத்தாதீங்க.

தேடல் எவ்வளவு தூரம் போகும்னு கேட்டா, போகும். அமெரிக்காவுல சியாட்டில் பக்கம் மழை பெஞ்சா ஓடைல கோஹோ சால்மன் மீன் மொத்தமா செத்துக்கிட்டே இருந்துச்சு, பல வருஷம் மெட்டல், பூச்சி மருந்து எல்லாம் பாத்தும் பொருந்தல. ரோட்டுத் தண்ணியைப் பிரிச்சுப் பிரிச்சு, எந்தப் பாகத்துல மீன் சாகுதோ அதை மட்டும் மறுபடி பிரிச்சு, 2020-ல கண்டுபிடிச்சாங்க: டயர் ரப்பர்ல போடற 6பிபிடிங்கற பொருள் ஓசோன் பட்டு மாறி வர்ற 6பிபிடி-குவினோன். அதுவரைக்கும் எந்த லேப் லிஸ்ட்லயும் அந்தப் பேரே கிடையாது. உங்க கதை அவ்வளவு சிக்கல் இல்ல, பயப்பட வேண்டாம்.

காசு போடறதுக்கு முன்னாடி

எது கெடைச்சாலும் திருப்பிப் போட்டுப் பாருங்க. அம்மோனியாவை எடுத்த தண்ணில மீன் பொழைச்சுதா, சரி, அதே அளவு அம்மோனியம் குளோரைடைத் திருப்பிக் கலந்தா திருப்பி சாகணும், அதே நேரத்துல, அதே மாதிரி. சாகலன்னா நீங்க புடிச்சது வேற ஆளு. அப்புறம் நாலஞ்சு வேற வேற நாள் சாம்பிள்ல அந்தப் பொருள் ஏற ஏற டாக்சிக் யூனிட்டும் ஏறுதான்னு ஒரு கிராஃப் போடுங்க. இது ரெண்டும் கையில இருந்தா மேனேஜர்கிட்ட பேசறதுக்கு உங்களுக்கு வாய் வரும். அது வரைக்கும் யூரியாவை 8-க்கு கொண்டு வாங்க, படிப்படியா, வாரத்துக்கு ரெண்டு கிலோன்னு, ஏரேஷன் டேங்க்ல ஸ்லட்ஜ் படியறது கெடுதான்னு பாத்துக்கிட்டே.

போர் தண்ணி, உங்க கையெழுத்து

போர் தண்ணி கலக்கற யோசனை வேண்டவே வேண்டாம். மாசு கட்டுப்பாட்டு போர்டு குடுத்த கன்சென்ட் (அனுமதி) ஆர்டரை எடுத்துப் படிங்க, நீர்த்து விடக் கூடாதுன்னு பெரும்பாலும் ஒரு கண்டிஷன் இருக்கும். ஃப்ளோ மீட்டர் கணக்கும் போர் மீட்டர் கணக்கும் பக்கத்துல பக்கத்துல வெச்சா ஒரு சின்ன ஆபீசருக்கே புரிஞ்சுடும். கூட, கடலுக்குப் போற மொத்த விஷம் ஒரு கிராம்கூட குறையாது.

நான் வக்கீல் இல்ல, இஞ்சினியர், ஆனா 1974 நீர்ச் சட்டத்தோட நாலு பிரிவு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். 24-வது பிரிவு விஷப் பொருளைத் தெரிஞ்சே நீர்நிலைல விடறதைத் தடுக்குது. 47-வது பிரிவு கம்பெனி செஞ்ச குற்றத்துக்கு அந்த நேரத்துல பொறுப்புல இருந்தவங்களையும் சேர்க்குது, ஆனா எனக்குத் தெரியாம நடந்தது, இல்ல தடுக்க என்னால ஆனதெல்லாம் செஞ்சேன்னு நிரூபிச்சா தப்பிக்க வழி வெச்சிருக்கு. 42-வது பிரிவு தெரிஞ்சே பொய்த் தகவல் குடுக்கறதுக்கு. இப்ப உங்க நெலைமையைப் பாருங்க, மேனேஜர் வாய்ல சொல்லிட்டுப் போயிடுவார், லாக் புக்ல எழுத்து உங்களுது. அதனால உங்களுக்கு சண்டை வேண்டாம், காகிதம் வேணும். மூணு தடவை ஃபெயில் ஆனது, நீங்க சந்தேகப்படற காரணம், கேக்கற டெஸ்ட், ஆகற செலவு, இதை நாலு வரில மெயில் போடுங்க, "சார் நீங்க சொன்னபடி" மாதிரி குத்தல் எதுவும் இல்லாம. லாக் புக்ல பாக்காத நம்பரை எழுதாதீங்க, ஒரே ஒரு நாள்கூட. வேலை போயிடும்னு பயம் இருக்கும், புரியுது, ஆனா "60 லட்சத்துக்குப் பதிலா ஒரு லட்சத்துக்குள்ள டெஸ்ட்"னு சொல்ற ஆளை எந்த முதலாளியும் சட்டுனு வெளிய அனுப்ப மாட்டார்.

நாலாவது பிரிவு 21, இது பல பேருக்குத் தெரியாது. போர்டுல இருந்து சட்டப்படி சாம்பிள் எடுக்க வந்தா உங்க முன்னாடியே ரெண்டா பிரிச்சு சீல் வெச்சு ரெண்டு பேரும் கையெழுத்து போடணும், ரெண்டாவது பாகத்தையும் டெஸ்ட்டுக்கு அனுப்பச் சொல்லி நீங்க கேட்டாத்தான் அது போகும். கேளுங்க. அதே நேரத்துல அதே இடத்துல உங்களுக்குன்னு ஒரு கேன் எடுத்து உங்க லேபுக்கும் அனுப்புங்க.

அடுத்த லெட்டர்ல ரெண்டு விஷயம் எழுதுங்க தம்பி: லேபோட தினசரி பிஹெச் குறிப்பு, அப்புறம் ஸ்டோர்ஸ் இன்டென்ட் புக்ல பாலிமர் மூட்டை எத்தனை நாளுக்கு ஒன்னு காலியாகுதுன்னு, முடிஞ்சா நைட் ஷிஃப்ட் யாருன்னு பேர் போடாம ஷிஃப்ட் வாரியா.